செயினுக்கும் கொஞ்சம் தொய்வு வேண்டும்



மோட்டார் வைத்த சைக்கிள்கள் இப்போது பல அடுக்ககங்களின் வண்டி நிறுத்துமிடங்களில் தென்படுகின்றன. அவற்றில் சில, பின்சக்கரத்துக்கும் ஸ்பிரிங் உள்ளவை. அப்படிப்பட்ட வண்டியில் செயின் தொங்கினால், "நல்லா டைட் பண்ணுங்க" என்பதுதான் நாம் சொல்லும் முதல் யோசனை. அந்த யோசனை ஏன் ஆபத்தானது என்பதைச் செயினின் வரலாறே சொல்லிவிடும். அதைச் சுருக்கமாக உங்கள் முன் வைக்கிறேன்.

பெரிய முன்சக்கரமும் குட்டிப் பின்சக்கரமும் கொண்ட பழைய சைக்கிளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதற்குச் செயினே கிடையாது. பெடல் நேராக முன்சக்கரத்தில் இருந்தது. உருளைச் செயினுக்கு 1880-ல் காப்புரிமை பெற்றவர் ஹான்ஸ் ரெனால்ட். சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தொழில் செய்தவர். ஒவ்வொரு ஊசியின் மேலும் ஒரு சிறு குழாயைப் பொருத்தி, பாரம் அகலமான பரப்பில் இறங்கும்படி செய்தார். தேய்மானம் குறைந்தது. 1885-ல் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, பின்சக்கரத்தைச் செயினால் ஓட்டும் 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் தாத்தா அதுதான்.

செயின் 'நீண்டுவிட்டது' என்கிறோம். உண்மையில் இரும்பு ரப்பர் போல இழுபடுவதில்லை. ஊசியும் குழாயும் தேய்கின்றன. ஒரு கண்ணியில் 0.1 மி.மீ. தேய்மானம் என்றால் கண்ணுக்குத் தெரியாது. 110 கண்ணி உள்ள செயினில் அது 11 மி.மீ. ஆகிவிடும். சில்லறைச் செலவு மாதக் கடைசியில் பெரிய தொகையாக நிற்பது போலத்தான். சாதாரண சைக்கிளில் இதற்குத் தீர்வு எளிது: பின்சக்கர நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து, மறுபடி முடுக்குவது. இரண்டு பல்சக்கரங்களுக்கும் இடையே உள்ள தூரம் மாறாததால், ஒரு முறை சரிசெய்தால் பல நாள் நிற்கும்.

சிக்கல் தொடங்கியது பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வந்தபோது. அமெரிக்காவின் 'இந்தியன்' நிறுவனம் 1901 முதலே செயின் ஓட்டும் மோட்டார் சைக்கிள்களைச் செய்தது. 1913-ல் பின்சக்கரத்துக்குப் பட்டை ஸ்பிரிங் கொடுத்தது. 1949-ல் விற்பனைக்கு வந்த ராயல் என்ஃபீல்டு புல்லட்டில், கீல் போட்ட கதவு போல மேலும் கீழும் அசையும் பின் ஃபோர்க் இருந்தது. 1955-ல் இந்த வண்டிக்காகவே நம் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டது.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். எஞ்சினின் பல்சக்கரம் சட்டத்தோடு அசையாமல் நிற்கிறது. பின்சக்கரமோ வேறொரு புள்ளியைக் கீலாகக் கொண்டு ஏறி இறங்குகிறது. இரண்டு புள்ளிகளும் ஒன்றாக இல்லாததால், ஒவ்வொரு பள்ளத்திலும் பல்சக்கரங்களின் இடைவெளி மாறுகிறது. கீல், எஞ்சின் பல்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் வண்டியில், பல்சக்கரம், கீல், பின் ஆக்சில் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்போது இடைவெளி மிக அதிகம். நிறுத்தி வைத்த வண்டியில் செயினை விறைப்பாக முடுக்கிவிட்டால், ஆள் ஏறி உட்கார்ந்து வேகத்தடையில் இறங்கும்போது அதற்குக் கொடுக்க நீளம் இருக்காது. செயின் அறும், அல்லது பேரிங் கெடும். அதனால்தான் மோட்டார் சைக்கிள் கையேடுகள் 'இத்தனை மி.மீ. தொய்வு விடவும்' என்று அளவு சொல்கின்றன. அந்தத் தொய்வு குறை அல்ல, கையிருப்பு.

வேறு தீர்வுகளும் வந்தன. 1946-ல் வந்த வெஸ்பா, எஞ்சினையும் பின்சக்கரத்தையும் ஒரே கையில் சேர்த்துவிட்டது. இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்குவதால் இடைவெளி மாறுவதில்லை, செயினும் தேவைப்படவில்லை. இன்று சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் உள்ள மின் சைக்கிளுக்கும் இந்தத் தொல்லை இல்லை. பல கியர் சைக்கிளின் பின்னால் தொங்கும் ஸ்பிரிங் கை இன்னொரு தீர்வு. 1937 முதல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் இந்தக் கியருக்கு அனுமதி உண்டு. கியர் மாற்றும் அதே கை, மிஞ்சும் செயினையும் சுருட்டிப் பிடித்துக்கொள்கிறது.

இப்போது நம் வண்டிக்கு வருவோம். சட்டத்தில் எஞ்சின் பொருத்திய சைக்கிளில் இரண்டு செயின்கள்: வலப்பக்கம் பெடலுக்கு, இடப்பக்கம் எஞ்சினுக்கு. கியர் சைக்கிளாக இருந்தால் பெடல் செயினுக்கு ஸ்பிரிங் கை இருக்கிறது. எஞ்சின் செயினுக்கு அது இல்லை. பெட்டியோடு வருவது பின் ஃபோர்க் குழாயில் கவ்வும் ஒரு சிறு உருளை மட்டுமே. ஸ்பிரிங் இல்லாத சைக்கிளை மனத்தில் வைத்துச் செய்தது அது. அதை அழுத்தி முடுக்கினால், செயின் இழுக்கிற இழுப்பில் கவ்வி திரும்பி, உருளை கம்பிகளுக்குள் போய்விடலாம். ஓடும் சக்கரம் அந்த நொடியே பூட்டிக்கொள்ளும். ஓட்டுபவர் தூக்கி எறியப்படுவார்.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றுங்கள். ஷாக் அப்சார்பரின் ஒரு முனையை விடுவித்து, பின்சக்கரத்தைக் கையால் மேலிருந்து கீழ்வரை மெதுவாக அசைத்துப் பாருங்கள். செயின் எங்கே மிக விறைக்கிறதோ, அந்த நிலையில் கொஞ்சம் தொய்வு இருக்கும்படி நீளத்தை முடிவு செய்யுங்கள். மற்ற நிலைகளில் மிஞ்சுவதை, கீழ்ப்பக்கச் செயினை அழுத்தும் ஸ்பிரிங் உருளை எடுத்துக்கொள்ளட்டும். வண்டி முன்னே ஓடும்போது இழுவை மேல்பக்கத்தில், தொய்வு கீழே. ஆனால் ஆக்சிலரேட்டரை விட்டதும் கீழ்ப்பக்கமும் விறைக்கும். அதனால் உருளையின் தாங்கி உறுதியாக இருக்க வேண்டும். கம்பிப் பக்கம் திரும்பாதபடி போல்ட் போட்டு நிறுத்த வேண்டும். பின் ஆக்சிலை நகர்த்தினால் இருபக்கமும் ஒரே அளவு நகர்த்துங்கள். பல்சக்கரங்கள் ஒரே கோட்டில் நிற்காவிட்டால் செயின் கழன்றே தீரும்.

முக்கியமாக ஒன்று: சுற்றும் செயினைத் துணியால் துடைக்கக் குழந்தைகளை விடாதீர்கள். துணியைப் பல்சக்கரம் பிடித்தால் விரலும் கூடவே போகும்.

வரவுக்கும் செலவுக்கும் நடுவே கொஞ்சம் இருப்பு வைப்பதுதான் நல்ல குடும்பக் கணக்கு. செயினுக்கும் அந்த இருப்பை விட்டு வையுங்கள்.