சத்தம் வருது, படம் வரல: டி.வி.க்குப் பின்னாடி எரியும் விளக்கின் கதை

இந்த எபிசோட் டி.வி.யைப் பத்தி. அதுல வர்ற நிகழ்ச்சிகளைப் பத்தி இல்ல, அதுக்குப் பின்னாடி எரியுற விளக்கைப் பத்தி.

திடீர்னு உங்க வீட்டு டி.வி. கறுத்துப் போகுது, செய்தி வாசிக்கிற குரல் மட்டும் கேட்குதுன்னு வெச்சுக்குவோம். அறையை இருட்டாக்கிட்டு, செல்போன் டார்ச்சைத் திரைமேல சாய்வா அடிச்சு உத்துப் பாருங்க. மங்கலா ஒரு முகம் தெரிஞ்சா, படம் சாகல, வெளிச்சம்தான் செத்திருக்கு. 'பேக்லைட் போச்சு'ன்னு மெக்கானிக் ஒரே வரியில சொல்லிடுவார்.

இந்தக் கோளாறுக்கு ஒரு வரலாறு இருக்கு. அதைச் சொல்ல வடக்கனந்தலுக்குப் போகணும். கல்வராயன் மலை அடிவாரத்துல இருக்கிற பேரூராட்சி இது. பக்கத்துல கச்சிராயபாளையம், கோமுகி அணை. மேலே ஏறினா வெள்ளிமலை. இன்னைக்குக் கள்ளக்குறிச்சி மாவட்டம்; 2019 வரைக்கும் விழுப்புரம் மாவட்டம்.

சென்னையில தூர்தர்ஷன் 1975-லேயே வந்துடுச்சு. ஆனா இந்த மாதிரி ஊர்கள்ல வீட்டுக்கு வீடு டி.வி. வந்தது 2006-க்கு அப்புறம்தான். அந்த வருஷத் தேர்தல்ல தி.மு.க. இலவச கலர் டி.வி. தர்றதா வாக்குறுதி கொடுத்தது. ஆட்சிக்கு வந்ததும் செப்டம்பர்ல திட்டம் தொடங்கிடுச்சு. அஞ்சு வருஷத்துல ஒன்றரைக் கோடிக்கும் மேல 14 அங்குலப் பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. 2011-ல ஆட்சி மாறினதும் டி.வி. நின்னுது, மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. இலவசம் சரியா தப்பாங்கிற வாதம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2013-ல தீர்ப்பும் வந்தது. அந்த வாதத்துல யாரும் பெரிசா பேசாத ஒரு விஷயம்: ஒன்றரைக் கோடிப் பெட்டி இருந்தா, அதைப் பிரிச்சுச் சரிபண்ண ஆளும் வேணுமே. ஊருக்கு ஊர் ரேடியோ, டேப் ரிக்கார்டர் பார்த்துக்கிட்டிருந்த கடைகளுக்கு அது பெரிய வேலை.

அந்தப் பழைய பெட்டி தன் வெளிச்சத்தைத் தானே உண்டாக்கிக்கும். பிக்சர் ட்யூபோட கழுத்துலருந்து எலக்ட்ரான்கள் பாய்ஞ்சு வந்து, கண்ணாடியோட உள்பக்கம் பூசியிருக்கிற பாஸ்பர் பொடிமேல மோதும், பொடி ஒளிரும். கோளாறு பெரும்பாலும் போர்டுலதான். சால்டர் விட்டுப்போயிருக்கும், இல்லைன்னா ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மர் போயிருக்கும். ஆயிரக்கணக்கான வோல்ட் தேங்கி நிக்கிற ட்யூபுல அனுபவம் இல்லாதவங்க கை வெச்சா தூக்கி எறிஞ்சிடும். ஆனா எதை எங்கே தேடணும்னு தெரிஞ்சவருக்கு அது சொன்னபடி கேட்கிற பெட்டி.

தட்டை டி.வி. வேற ஜாதி. எல்.சி.டி. கண்ணாடிக்குச் சொந்தமா வெளிச்சமே கிடையாது. அது லட்சக்கணக்கான குட்டி ஜன்னல்கள் மாதிரி, திறக்கும், மூடும், அவ்வளவுதான். வெளிச்சம் பின்னாடி இருந்து வரணும். முதல்ல அந்த வேலையைச் செஞ்சது பென்சிலைவிட ஒல்லியான, பாதரசம் அடைச்ச குழல் விளக்கு. அப்புறம் எல்.இ.டி. வந்தது. 'எல்.இ.டி. டி.வி.'ன்னு நாம வாங்குறதுல முக்கால்வாசி, எல்.இ.டி. விளக்கு வெச்ச எல்.சி.டி. டி.வி.தான். கம்பெனிக்காரங்க வெச்ச பேரு நல்லா ஒட்டிக்கிச்சு!

இங்கே ஜப்பானுக்கு ஒரு எட்டு போயிட்டு வரலாம். ஷிகோகு தீவுல அனான்னு ஒரு சின்ன ஊர். அங்கே நிச்சியான்னு ஒரு கம்பெனி. அது பாஸ்பர் பொடி தயாரிச்சுக்கிட்டிருந்தது. ஆமா, ட்யூப்லைட்டுக்கும் பிக்சர் ட்யூபுக்கும் பூசுற அதே பொடிதான். அங்கே வேலை பார்த்த ஷூஜி நகமுரா 1993-ல பிரகாசமான நீல எல்.இ.டி.யைக் கொண்டுவந்தார். 1996-ல அந்த நீலத்துமேல மஞ்சள் பாஸ்பரைப் பூசி வெள்ளை வெளிச்சம் எடுத்தாங்க. அகாசாகி, அமானோ, நகமுரா மூணு பேருக்கும் 2014-ல இயற்பியல் நோபல் கிடைச்சது. பிக்சர் ட்யூப் ஒழிஞ்சாலும் பாஸ்பர் பொடி டி.வி.யை விட்டுப் போகல. சில டி.வி.யில வயசானதும் படம் நீலம் பாய்ஞ்சு தெரியுமே, அது பெரும்பாலும் மஞ்சள் பூச்சு கெட்டுப்போய் அடியில இருக்கிற நீலம் எட்டிப் பார்க்கிறதுதான்.

சரி, இது ஏன் சீக்கிரம் போகுது? ஒரு 32 அங்குல டி.வி.யில பட்டைப் பட்டையா எல்.இ.டி.கள் இருக்கும். சீரியல் செட் பல்பு மாதிரி ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா இணைச்சது. ஒண்ணு அறுந்தா அந்த வரிசை முழுக்க அணையும். சில டி.வி.யில அதைக் கண்டுபிடிச்ச போர்டு எல்லாத்தையும் நிறுத்திடும். ஆன் பண்ணினதும் ஒரு நொடி மின்னிட்டு இருட்டாகும். காரணம் சூடு. உடம்பு ஒல்லி, காத்தோட்டம் குறைவு, கடையில பளிச்சுன்னு தெரியணும்னு பேக்லைட்டை உச்சத்துல வெச்சு விக்கிறாங்க. வீட்டுக்கு வந்தப்புறமும் யாரும் குறைக்கிறது இல்ல.

பட்டையோட விலை சில நூறு ரூபாய்தான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல மாடல் நம்பர் சொன்னா எடுத்துக் கொடுப்பாங்க. கஷ்டம் அதைப் போய்த் தொடுறதுல இருக்கு. பழைய பெட்டிக்குப் பின்மூடியைக் கழட்டினா போதும். இதுக்கு முன்சட்டத்தை எடுத்து, கண்ணாடியைத் தூக்கி, கீழே இருக்கிற ஷீட்டுகளை அதே வரிசையில எடுத்து வைக்கணும். கண்ணாடி ஓரத்துல ரிப்பன் மாதிரி மெல்லிசா இணைப்புகள் தொங்கும். அதுல ஒண்ணு கிழிஞ்சா சால்டர் வெச்சு ஒட்ட முடியாது. அதுக்குத் தனி மெஷின் வேணும், அது பெரிய நகரத்துலதான். புது பேனல் விலை கிட்டத்தட்ட புது டி.வி. விலை. கூலிக்குக் கை வைக்கிறவர், அடுத்தவரோட முழு டி.வி.யையும் பணயம் வெச்சுத்தான் தொடங்குறார். கடையில பாதிப் பேர் 'பேனல் போச்சு, புதுசு வாங்கிக்கோங்க'ன்னு சொல்லிடறதுக்கு அறியாமையைவிட இந்தப் பயம்தான் காரணம்னு நான் நினைக்கிறேன்.

மலைமேல இருக்கிறவங்களுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. 14 அங்குலப் பெட்டியைப் போர்வையில சுத்தி, மடியில வெச்சு பஸ்ல கொண்டுவந்துடலாம். தட்டைத் திரையை நிமிர்த்திப் பிடிக்கணும், வளையக் கூடாது. வெள்ளிமலையிலருந்து கொண்டை ஊசி வளைவுகள்ல பைக் பின்னாடி உட்கார்ந்து ஒருத்தர் அதை அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு வர்றதை யோசிச்சுப் பாருங்க. எல்.இ.டி. போனதுன்னு கிளம்பின டி.வி., கடைக்கு வந்து சேரும்போது கண்ணாடியும் போனதா ஆகிடலாம்.

ஒன்றிய அரசு 2022-ல 'பழுது நீக்கும் உரிமை'க்குன்னு ஒரு இணையதளம் தொடங்குச்சு. உற்பத்தியாளர்கள் தங்களோட பொருளைச் சரிபண்ற தகவலையும், உதிரிபாக விவரத்தையும் அங்கே தரலாம். நல்ல தொடக்கம். ஆனா எங்கேயோ அசெம்பிள் பண்ணி, ஆளுக்கொரு பேர் ஒட்டி வர்ற மலிவு விலை டி.வி.க்கு அங்கே சர்க்யூட் படம் கிடைக்கும்னு நான் நம்பல. அடிவாரத்துல அதிகம் புழங்குறதும் அந்த மாதிரி டி.வி.தானே.

அதனால மெக்கானிக்குகள் தாங்களே ஒரு வைத்தியம் கத்துக்கிட்டாங்க. புதுப் பட்டை மாட்டினதும், டிரைவர் ஐ.சி. பக்கத்துல பேரலலா இருக்கிற சின்ன ரெசிஸ்டர்கள்ல ஒண்ணை எடுத்துடுவாங்க. கரண்ட் குறையும், வெளிச்சம் ஒரு சொட்டு மங்கும், பட்டை நிறைய நாள் உழைக்கும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் போட்டா வித்தியாசமே தெரியாது. பழைய பட்டையில இன்னும் உயிரோட இருக்கிற எல்.இ.டி.களைக் கழட்டி ஒரு டப்பாவுல போட்டு வைக்கிறவங்களும் உண்டு. அடுத்து வர்ற டி.வி.யில ஒண்ணே ஒண்ணு மட்டும் போயிருந்தா, அதுலருந்து எடுத்து வெச்சுடலாம்.