வீடற்றோரின் பதிவேடு: ஒரு வரலாற்றுப் பார்வை

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தேனி அல்லிநகரம் நகராட்சியில் 94,453 பேர் வாழ்ந்தனர். வீடுள்ளோரைக் கணக்கிடுவது எளிது. கதவைத் தட்டினால் போதும். தட்டுவதற்குக் கதவே இல்லாதோரை எவ்வாறு கணக்கிடுவது? சந்தையில் சுமை தூக்கிவிட்டுக் கடைத்திண்ணையில் உறங்குபவர், ஏலத்தோட்ட வேலை தேடி மலையேறும் வழியில் பேருந்து நிலையத்தில் இரவைக் கழிப்பவர், பிள்ளைகளால் கைவிடப்பட்ட முதியவர் ஆகியோர் இன்று தேனியிலும் நாளை போடியிலும் மறுநாள் கம்பத்திலும் இருக்கக்கூடும். ஒரே மனிதர் மூன்று ஊர்களில் மூவராக எண்ணப்படலாம்; எங்குமே எண்ணப்படாமலும் போகலாம். அவருக்குத் தங்குமிடமும் மருத்துவமும் தர வேண்டிய உள்ளாட்சிகளுக்குத் தொடர்ச்சியான பதிவேடு தேவைப்படுவது இதனால்தான். அப்பதிவேடு எத்தகையதாக இருக்க வேண்டும் என்பதற்கு வரலாற்றில் பாடங்கள் உள்ளன.

மக்களின் பெயர்களை எழுதிவைத்து அரசே உதவி வழங்கிய முறைக்கு இஸ்லாமிய வரலாற்றில் முன்னோடி, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 20ஆம் ஆண்டையொட்டி ஏற்படுத்திய திவான். பைத்துல் மாலிலிருந்து யாருக்கு எவ்வளவு தொகை என்பதை அது வரையறுத்தது. தொடக்கத்தில் பால்குடி மறந்த குழந்தைகளுக்கே தொகை வழங்கப்பட்டது. மதீனாவில் வந்து தங்கியிருந்த வணிகக் கூட்டம் ஒன்றை ஓரிரவு காவல் காத்தபோது, ஒரு குழந்தை விடாமல் அழுவதை உமர் (ரலி) அவர்கள் கேட்டார்கள். தொகையைப் பெறுவதற்காகத் தாய் உரிய காலத்திற்கு முன்பே பாலை நிறுத்த முயன்றதே காரணம் என அறிந்ததும், பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் தொகை உண்டு என அறிவித்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். நல்ல நோக்கத்துடன் எழுதப்பட்ட ஒரு விதி செய்த தீங்கு ஏட்டில் தெரியவில்லை. இரவில் நேரில் சென்றபோதே தெரிந்தது.

நம் வட்டாரம் பதிவேட்டின் கொடிய முகத்தையும் கண்டிருக்கிறது. 1871இல் ஆங்கில அரசு இயற்றிய குற்றப் பரம்பரையினர் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்திற்கும் விரிவாக்கப்பட்டது. மதுரைச் சீமையின் பிரமலைக் கள்ளர் மக்கள் பெயரையும் கைரேகையையும் பதிய வேண்டும் எனவும், ஆண்கள் இரவில் காவல் நிலையத்தில் இருப்பைக் காட்ட வேண்டும் எனவும் கட்டாயப்படுத்தப்பட்டனர். இதை எதிர்த்து நின்ற உசிலம்பட்டிப் பகுதிப் பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல்தான் நீங்கியது. 1945இல் வந்த பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டமோ, பிச்சை எடுப்போரைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க வழிசெய்தது. அதிகாரி பெயர் கேட்டால் ஏழை தயங்குவதற்கு இத்தகைய நினைவுகளும் காரணம்.

விடுதலைக்குப் பின் 1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம் தனிமனிதர் தரும் விவரங்களை இரகசியமாகக் காத்தது. 2011 பிப்ரவரி 28 இரவு, சாலையோரங்களிலும் பாலங்களின் அடியிலும் நடைமேடைகளிலும் மண்டபங்களிலும் உறங்கியோர் எண்ணப்பட்டனர். நாடு முழுவதும் வீடற்றோர் 17.73 லட்சம் பேர். 2001இல் அது 19.43 லட்சமாக இருந்தது. மொத்தம் குறைந்தபோதும், நகரங்களில் மட்டும் 7.78 லட்சத்திலிருந்து 9.38 லட்சமாக உயர்ந்தது. ஆயினும் பத்தாண்டுக்கு ஓரிரவு எடுக்கும் கணக்கு, அடுத்த நாள் யாருக்கு மருந்து வேண்டும் என்பதைச் சொல்லாது.

2010ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், உணவு உரிமை வழக்கை விசாரித்துவந்த உச்ச நீதிமன்றம் தில்லியின் இரவுத் தங்குமிடங்கள் குறித்து ஆணையிட்டு, பின்னர் அதைப் பிற மாநிலங்களுக்கும் விரிவாக்கியது. 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம், ஒரு லட்சம் மக்களுக்கு நூறு பேர் தங்கும் நிரந்தர இல்லம் என்ற அளவை வகுத்தது. வீடற்றோரைக் கண்டறியும் ஆய்வும் உள்ளாட்சிகளின் பொறுப்பாயிற்று. முதலில் லட்சம் மக்களைக் கொண்ட நகரங்களும் மாவட்டத் தலைநகரங்களுமே அதில் இடம்பெற்றன. லட்சத்தை எட்டாத தேனி அல்லிநகரம் அவ்வளவுகோலுக்குள் வந்தது, 1996இல் தேனி மாவட்டத்தின் தலைநகரானதால்தான். போடி, கம்பம் போன்ற ஊர்களுக்கு 2016இன் விரிவாக்கம் வரை காத்திருக்க நேர்ந்தது. ஊர்விட்டு ஊர் நகரும் மனிதருக்கு நகராட்சியின் எல்லை பொருட்டன்று; திட்டத்திற்கோ அதுவே எல்லாம்.

அமெரிக்காவில் இதற்கென ஒரு தகவல் முறை உண்டு. அந்நாட்டு நாடாளுமன்றத்தின் 2001ஆம் ஆண்டு வழிகாட்டலைத் தொடர்ந்து, 2004இல் பொதுவான தரவு நெறிகள் வெளியாயின. ஒரு வட்டாரத்தின் தங்குமிடங்கள் ஒரே ஏட்டில் பதிவதால் ஒருவரை இருமுறை எண்ணுவது குறைகிறது. எந்த உதவி எவருக்குக் கிடைத்தது என்பதும் புலனாகிறது. எனினும் குடும்ப வன்முறைக்குத் தப்பி வந்த பெண்களுக்கான இல்லங்கள், அடையாளம் காட்டும் விவரங்களை அந்த ஏட்டில் பதிவதைச் சட்டமே தடைசெய்தது. தேடி வரும் கொடுமைக்காரனுக்கு ஏடே வழிகாட்டிவிடக் கூடாது அல்லவா!

தனியுரிமை அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்ட் 24 அன்று நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே நகராட்சி அமைக்கும் எந்தத் தரவு முறையையும் சில கேள்விகளால் உரசிப் பார்க்கலாம். பெயர் சொல்ல மறுப்பவருக்கும் அன்றிரவு பாய் கிடைக்குமா? அவ்வேட்டைக் காவல்துறை கேட்டவுடன் புரட்ட இயலுமா? தன்னைப் பற்றி எழுதப்பட்டதை அவர் படித்துக்காட்டச் சொல்லித் திருத்த முடியுமா? வாக்காளர் பட்டியலில் இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. வீடற்றவர் முகவரிச் சான்று இல்லாமலே படிவம் 6 அளிக்கலாம். அவர் உறங்குமிடத்திற்கு அலுவலரே இரவில் சென்று உறுதிசெய்ய வேண்டும்.

இக்கேள்விகள் நம் ஜமாஅத்துகளுக்கும் உரியவை. மஸ்ஜிதுந் நபவியில் வீடின்றித் தங்கியிருந்த திண்ணைத் தோழர்களை நபி (ஸல்) அவர்கள் விருந்தினராகவே நடத்தினார்கள். ஜகாத் பெறுவோரின் பட்டியலை நாமும் வைத்திருக்கிறோம். அப்பட்டியல் யார் கையில் இருக்கிறது, உதவி பெறுபவரின் படம் கைப்பேசிகளில் ஏன் சுற்றுகிறது என்பதை நாம் முதலில் சரிசெய்வோம். அதன்பின் நகராட்சியிடம் இதையே கேட்கும் தகுதி நமக்கு உண்டாகும்.