கூடு கட்டுற கதை

போன வெசாக்குக்கு முதல் நாள், கொள்ளுப்பிட்டியில இருக்கிற எங்கட ப்ளாட்டில் நாலு பேர் இருந்து வெசாக் கூடு கட்டினோம். மடக்கி விற்கிற கூட்டைக் கடையில் வாங்கியிருக்கலாம். ஆனா ஒருமுறையாவது கையால கட்டிப் பார்க்கவேணும் என்று ஆசை. மூங்கில் ஈர்க்கு, நூல், டிசு பேப்பர், கோதுமை மாவில காய்ச்சின பசை. இவ்வளவுதான் சாமான்.

இந்த எட்டுப் பட்டைக் கூட்டைச் சிங்களத்தில் அட்டபட்டம என்பார்கள். ஒரே அளவில் ஆறு சதுரச் சட்டங்கள் செய்து, மூலைக்கு மூலை சேர்த்துக் கட்டவேணும். சரியாகக் கட்டினா, சதுரங்களுக்கு நடுவில எட்டு முக்கோணங்கள் தானாகவே வந்துவிடும். பிறகு தாள் ஒட்டி, கீழே வால் வெட்டித் தொங்கவிட்டு, உள்ளே பல்ப் போட்டாச் சரி. எங்கட கூடு ஒரு பக்கம் சரிஞ்சுதான் நின்றது.

கட்டி முடிச்ச பிறகு ஒருத்தி கேட்டாள்: "இதை நாங்க ஏன் கட்டுறோம்?"

ஒருத்தருக்குப் பள்ளிக்கூடப் போட்டிக்குக் கட்டின ஞாபகம். இன்னொருத்தர் வீட்டில், ஒழுங்கையில தங்கட வாசல் மட்டும் இருட்டாத் தெரியக்கூடாது என்று அப்பா வருசா வருசம் தொங்கவிடுவாராம். 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்ததைக் கண்டவர் அவர். ஆசையில் கட்டின கூடும் பயத்தில் கட்டின கூடும் ரோட்டில் நின்று பார்த்தா ஒரே மாதிரித்தான்.

வெசாக் விடுமுறையின் கதையும் இதே கொழும்பில், ஒரு கலவரத்தில்தான் தொடங்குது. 1883 மார்ச் 25, ஈஸ்டர் ஞாயிறு. கொட்டாஞ்சேனை தீபதுத்தமாராம விகாரைக்குப் போன பௌத்த ஊர்வலம், புனித லூசியாள் பேராலயத்துக்குக் கிட்ட கத்தோலிக்கர்களால் தாக்கப்பட்டது. உயிரும் போனது, பலர் காயப்பட்டார்கள். ஆனா யாரும் தண்டிக்கப்படவில்லை. நீதி கிடைக்காத பௌத்தர்கள் கர்னல் ஒல்கொட்டிடம் போனார்கள். அவர் 1884இல் லண்டனுக்குப் போய்க் குடியேற்ற நாட்டு அமைச்சிடம் முறையிட்டார். கோரிக்கைகளில் ஒன்று, வெசாக் நாளுக்கு விடுமுறை. ஆளுநர் ஆர்தர் கோர்டன் காலத்தில், 1885 ஏப்ரல் 28 முதல் வெசாக் விடுமுறை நாளானது. பௌத்தக் கொடி முதன்முதலில் ஏறியதும் அதே நாளில்தான்.

அப்போ அவர்கள் எண்ணிக்கையில் கூட. ஆனா அரசு அவர்களுடையது இல்லை. அடிபட்டவர்கள், "எங்கட நாளையும் ஒரு நாளாக மதியுங்க" என்று ஆட்சியிடம் கேட்டு வாங்கினார்கள். இன்றைக்கு வெசாக் அரசே கொண்டாடுற விழா. கங்காராமயப் பக்கம், பேரே வாவி ஓரம் முழுக்க வெளிச்சம். கேட்டு வாங்கின கதையைத்தான் யாரும் பெரிதாகச் சொல்வதில்லை.

2019ஐ யோசிச்சுப் பாருங்க. ஏப்ரல் 21, திரும்பவும் ஈஸ்டர் ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும், எங்கட கொள்ளுப்பிட்டியில் ஒரு ஹோட்டலிலும் குண்டு வெடித்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, வெசாக் பௌர்ணமி வந்தது. திகதி மே 18. முள்ளிவாய்க்காலின் பத்தாவது நினைவுநாளும் அதுவே. கூடு கொளுத்துற அதே நாளில், வடக்கில் தாய்மார் பிள்ளைகளுக்காக விளக்கு ஏற்றினார்கள்.

கொண்டாட்டமும் துக்கமும் ஒன்றில்லை, தெரியும். ஆனா 1884இல் லண்டனில் கேட்டதும், மே 18இல் அந்தத் தாய்மார் கேட்பதும் எங்களுக்கு ஒன்றாகத்தான் கேட்குது: எங்கட நாளை எங்களுக்கு விடுங்க. முதல் கேள்வியின் வரலாற்றை மறந்த நாட்டுக்கு இரண்டாவது கேள்வி விளங்காமல் போறதில் ஆச்சரியமில்லை.

இந்த வருசமும் கூடு கட்டுவோம், இந்த முறை சரியாம. மே 18இல் வாசலில் ஒரு சிட்டி விளக்கும் வைப்போம். பக்கத்து வீட்டு அக்கா ஏன் என்று கேட்டா, கொட்டாஞ்சேனையில் இருந்து தொடங்கிச் சொல்லுவோம்.