ஒரே தகட்டில் ஜெல்லிமீன்

எட்சிங் வகுப்பில் கிருஷ்ணா ரெட்டியின் ‘ஜெல்லிமீன்’ படத்தைக் காட்டும்போதெல்லாம் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: “எத்தனை பிளேட் சார்?” நியாயமான கேள்வி. வண்ண எட்சிங் என்றால் நிறத்துக்கு ஒரு தகடு என்பது நெடுநாள் வழக்கம். நனைத்த தாள் முதல் அச்சுக்குப் பிறகு காய்ந்து சுருங்கும். அடுத்த தகடு மயிரிழை விலகினாலும் உருவம் இரட்டையாகத் தெரியும். 1950களின் பாரிஸில் ரெட்டி இதைத் தூக்கி எறிந்தார். ஒரே தகடு. பிரஸ்ஸில் ஒரே ஓட்டு. அத்தனை நிறமும் தாளில்.

அவர் சித்தூர்ப் பக்கத்து நந்தனூர்க்காரர், 1925இல் பிறந்தவர். சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் படித்தார். 1947 முதல் 1949 வரை நம் சென்னைக் கலாக்ஷேத்திராவின் ஓவியப் பிரிவைக் கவனித்துக்கொண்டார் (இது இங்கே பலருக்குத் தெரியாது). பிறகு லண்டன் ஸ்லேட் பள்ளியில் ஹென்றி மூர், பாரிஸில் ஜாட்கின். இருவருமே சிற்பிகள். ஹேட்டர் நடத்திய ‘அட்லியே 17’ பட்டறைக்குள் ரெட்டி நுழைந்ததும் சிற்பியின் கையோடுதான். அதனால்தானோ என்னவோ, தகட்டை அவர் வரைபலகையாகப் பார்க்கவே இல்லை. அமிலத்தில் ஆழமாக அரித்தார், பியூரினால் கீறினார், சுரண்டினார், தேய்த்தார். மேடு, சரிவு, பள்ளம் என்று தகடே ஒரு சின்ன நிலப்பரப்பாகிவிட்டது.

நிறத்தின் சூட்சுமம் அந்த ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது. முதலில் ஒரு மையைக் கீறல்களுக்குள் தேய்த்து ஏற்றி, மேல்பரப்பைத் துடைக்கிறோம். அடுத்து, ஆளிவிதை எண்ணெய் கூட்டி இளக்கிய ஒரு நிறத்தைக் கெட்டி ரோலரால் உருட்டுகிறோம். அது மேட்டை மட்டும் தொடும். மூன்றாவது, எண்ணெய் குறைந்த இறுகலான மை. மெத்தென்ற ரோலரில் அழுத்தி உருட்டினால் பள்ளத்துக்குள்ளும் இறங்கும். மேட்டின் மேலும் அது போகத்தானே செய்யும்? போகும், ஆனால் அங்கே ஒட்டாது. ஏற்கெனவே படிந்திருக்கும் எண்ணெய்ப் பசை அதை விலக்கிவிடும். சரிவுகளில் இரண்டும் பக்கம் பக்கமாகப் புள்ளி புள்ளியாய் நிற்கும். ஜெல்லிமீனின் உடம்பு எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று கண் திணறுவது அந்தச் சரிவுகளால். இந்தப் பிராணிக்கு இதைவிடப் பொருத்தமான தொழில்நுட்பம் அமைந்திருக்க முடியாது. மீன், பூச்சி, பட்டாம்பூச்சி என்று அவர் எடுத்துக்கொண்ட உயிர்கள் எல்லாமே இப்படிச் சூழலோடு கலந்து நிற்பவைதாம்.

எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. இந்த முறையைப் பட்டறைத் தலைவர் ஹேட்டரின் கணக்கிலேயே பலரும் எழுதிவிடுகிறார்கள். ஹேட்டர் பெரிய ஆள், மறுக்கவில்லை. 1946இல் செய்த ‘ஐந்து உருவங்கள்’ படத்தில் அவர் ஒரே தகட்டில் பல நிறம் ஏற்றினார்தான். ஆனால் அதற்கு அவர் பட்டுத்திரையின் உதவியை நாடினார். மையின் இளக்கத்தையும் இறுகலையுமே கருவியாக்கியது ரெட்டியும், பம்பாயிலிருந்து போன கைகோ மோத்தியும். மோத்தியின் பெயரோ நம் கலைக் கல்லூரிகளிலேயே காதில் விழுவதில்லை.

ரெட்டி 1960களில் அதே பட்டறையின் இணை இயக்குநரானார். 1972இல் பத்மஸ்ரீ, பிறகு நியூயார்க் வாசம், 2018இல் மறைவு. தொழில் ரகசியம் என்று எதையும் அவர் பொத்தி வைக்கவில்லை. போன இடமெல்லாம் சொல்லிக்கொடுத்தார், 1988இல் முழு முறையையும் புத்தகமாகவே போட்டார். எங்கள் பிள்ளைகளும் அதைப் பார்த்துச் செய்யத்தான் துடிக்கிறார்கள். மெத்தென்ற ரோலர் எங்களிடம் ஒன்றே ஒன்று. அதற்கு நோட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறோம்.