எல்லைக்கோடும் நீரோட்டமும்: பழவேற்காட்டுச் சரணாலயம் குறித்து

1958-இல் பெர்னார்ட் கிஜிமெக்கும் அவர் மகன் மைக்கேலும் சிறு விமானத்தில் பறந்து கிழக்கு ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டிப் புல்வெளியில் விலங்குகளை எண்ணினார்கள். பூங்காவுக்கு வகுக்கவிருந்த புதிய எல்லையைத் தாண்டியும் வில்டபீஸ்ட் மந்தைகள் மேய்ந்து திரும்புவதை அந்தக் கணக்கெடுப்பு காட்டியது. மறு ஆண்டே மாசாய் மேய்ப்பர்கள் அப்பூங்காவிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். முதலாவது நாம் கற்கவேண்டிய பாடம். இரண்டாவது ஒருபோதும் பின்பற்றக்கூடாத வழி. பழவேற்காட்டிலோ அந்தப் பாடத்தைக் கைவிட்டு, அந்த வழியை நோக்கியே போகிறோம் என்பதே என் வாதம்.

சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர்க் காயல் பழவேற்காடு. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. அங்கே 1976-இலும், தமிழகத்தில் 1980-இலும் பறவைகள் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. ஒரே நீர்ப்பரப்புக்கு இரண்டு நிர்வாகம். பூநாரைக்கு அந்தப் பிரிவு தெரியாது. குளிர்காலத்தில் வரும் அப்பறவை, அலகு தலைகீழாகும்படி கழுத்தை வளைத்து, காலால் சேற்றைக் கிளறியபடி நாக்கால் நீரை இறைக்கிறது. அலகின் ஓரத்துச் சல்லடையில் தங்கும் சிற்றுயிர்களே அதற்கு இரை. கால் ஊன்றும் அளவுக்கு நீர் ஆழமற்று இருந்தால்தான் இப்படி மேயமுடியும். முழங்கால் நீர் இடுப்பளவானாலும் சரி, காய்ந்து உப்புப் படர்ந்தாலும் சரி, அங்கே அதற்கு மேய்ச்சல் கிடையாது.

இந்த ஆழத்தைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் எல்லைக்கு வெளியேதான் இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியும் நன்னீர் கொண்டுவருகின்றன. கடலோரத்து முகத்துவாரம் திறந்திருந்தால் ஓதநீர் ஏறி இறங்கும். மணல் அடைத்துக்கொண்டால் கோடையில் ஏரி சுருங்கி, நீரின் உப்பு கடலையே மிஞ்சும். சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை ஏரியின் குறுக்கே அமைந்து நீரோட்டத்தைத் தடுப்பதும் இதனுடன் சேரும்.

தெற்கே வள்ளூர்ப் பக்கம் நிலைமை இன்னும் சிக்கலானது. கொசஸ்தலையாறு எண்ணூர்க் கழிமுகத்தில் கடலைச் சேர்கிறது. பக்கிங்ஹாம் கால்வாய் அக்கழிமுகத்தையும் பழவேற்காட்டையும் இணைக்கிறது. அனல்மின் நிலையச் சாம்பல் இந்த உப்பங்கழியில் படிந்த விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறது. அதைவிடக் குறைவாகப் பேசப்படுவது மணல். இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே நீளும் துறைமுகச் சுவர் தென்புறம் மணலைச் சேர்த்துக்கொள்ள, வடகரை அரிபடுகிறது. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வடக்கே ஏரியையும் கடலையும் பிரித்து நிற்பது மெலிந்த மணல்திட்டுதான். அந்தத் துறைமுகம் சரணாலயத்துக்குள் இல்லை. ஆனாலும் ஏரி ஏரியாக நீடிக்குமா என்பதில் அதற்குப் பங்குண்டு. திட்ட அனுமதிக்கு 'எல்லையிலிருந்து எத்தனை கிலோமீட்டர்' என்று மட்டும் கேட்டால் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இதற்கு ஒரு மறுப்பு எழும். பாதுகாப்பை விரிவாக்கினால் மீனவர்கள் வலை வீச எங்கே போவார்கள்? நியாயமான அச்சம்தான், ஆனால் காவல் என்றாலே ஆட்களை அப்புறப்படுத்துவது என்ற எண்ணத்திலிருந்து பிறந்தது. இங்கே மீனவர் கிராமங்கள் 'பாடு' என்னும் முறையில், முகத்துவாரத்தை ஒட்டிய இறால் பிடிக்கும் இடங்களைத் தங்களுக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. இன்று ஓர் ஊர் சுத்துவலை கட்டினால் மற்ற ஊர் காத்திருக்கும். எத்தனை வலை, யார் முறை என்பதெல்லாம் ஊர்க் கட்டுப்பாடு. இம்முறை சாதியை ஒட்டி அமைந்தது; அதில் இடம் கேட்டுப் பிறர் போராடியதும் உண்டு. கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும் அதில் இடமில்லை. இக்குறையை மறைக்கக்கூடாது. ஆயினும் எந்த மாதம் எங்கே எவ்வளவு நீர் என்பதை நாள்தோறும் கவனிக்கும் அமைப்பு வேறு எதுவும் அங்கே இல்லை. மீனவருக்கும் இருளருக்கும் நிர்வாகத்தில் இடம் தராத சரணாலயம் தன் கண்ணைத் தானே கட்டிக்கொள்கிறது.

ஆகவே ஆரணியாற்றுப் படுகை, முகத்துவாரம், பக்கிங்ஹாம் கால்வாய், காட்டுப்பள்ளிக் கரை ஆகியவற்றை இரு மாநிலங்களும் சேர்ந்து ஒரே நீரமைப்பாக வரையவேண்டும். அருகிலுள்ள கும்மிடிப்பூண்டியிலும் வள்ளூரிலும் இனி எழும் ஒவ்வொரு ஆலையும் அந்த வரைபடத்தின் முன்தான் அனுமதி கேட்கவேண்டும்.