கட்னியும் ராய்கரும்

மேயரை ‘நகரத் தந்தை’ என்றழைப்பது தமிழர் வழக்கு. ஆண், பெண் என்னும் இரு சொற்களுக்குள் அடங்காத ஒருவரை மக்கள் அவ்விருக்கையில் அமர்த்தினால் சட்டம் என் செய்யும்? இவ்வினாவை எழுப்பியவை இருப்புப்பாதை செல்லும் இரு நடுத்தர நகரங்கள்.

முதலாவது, மத்தியப் பிரதேசத்துக் கட்னி. ஜபல்பூர், அலகாபாத், பீனா, பிலாஸ்பூர் வழிகள் கூடும் பெரிய சந்திப்பு அது. 2000ஆம் ஆண்டில் கமலா ஜான் என்னும் திருநங்கை அந்நகரின் மேயராக வீற்றிருந்தார். ஆனால் அவ்விருக்கை மகளிர்க்கென ஒதுக்கப்பட்டது. வழக்கு எழுந்தது. சட்டத்தின்படி அவர் ஆணே, ஆதலின் அவ்விருக்கைக்கு உரியவரல்லர் என்று கூறி, தேர்தல் செல்லாதென 2003இல் உயர்நீதிமன்றம் உறுதி செய்தது. நகராட்சிகளில் மகளிர்க்கு மூன்றிலொரு பங்கு கிடைத்ததே 1992ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தத்தால்தான். அவ்வுரிமையைக் காப்பதும் நீதியே. எனினும், பெண்ணாகவே வாழ்ந்த ஒருவர்க்கு மக்கள் அளித்த வாக்குகள் அனைத்தும் ஒற்றைச் சொல்லின் பொருளால் வீணாயின.

15-4-2014 அன்று உச்சநீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றது. தம் பாலினம் இன்னதென்று உரைக்கும் உரிமை அவரவர்க்கே உண்டென்றும் தீர்ப்பளித்தது.

அடுத்த ஒன்பதாம் திங்களில், ஹௌரா-பம்பாய் வழியிலுள்ள சத்தீஸ்கர் மாநில ராய்கர் நகரில், ரயில் வண்டிகளில் ஆடிப் பாடிப் பிழைத்த மது பாய் கின்னர் சுயேச்சையாக நின்றார். பாரதிய ஜனதா வேட்பாளரை 4,537 வாக்குகளால் வென்று, 2015 ஜனவரியில் மேயரானார்.

தீர்ப்பு வந்ததால் மக்கள் மனம் மாறினர் என்பார் உளர். அஃது பொருந்தாது. ராய்கர் இருக்கை மகளிர்க்கு ஒதுக்கப்பட்டதன்று. ஆதலின் கட்னியின் சிக்கல் அங்கு எழவேயில்லை. மேலும், தீர்ப்புக்குப் பதினான்கு ஆண்டுகள் முன்னரே கட்னி மக்கள் வழிகாட்டிவிட்டனர். மக்கள் முன்னே நடந்தனர். சட்டம் பின்னே வந்தது.

தமிழகம் ‘திருநங்கை’ என்னும் மதிப்புமிக்க சொல்லை வழங்கியதோடு, 2008இல் அவர்க்கென நலவாரியமும் கண்டது. நமக்குப் பெருமையே. ஆயினும், வண்டியில் கைதட்டி வருவோரைக் கண்டதும் முகந்திருப்பிக் கொள்வோர் நம்முள் இலரோ?

அன்பர்களே, ஒருவர் இன்னாரென்று பிறர் முடிவுகட்டுவதன் வருத்தம், அயலூரில் ‘மதராசி’ என்ற ஒரு சொல்லுக்குள் அடைக்கப்பட்ட நமக்குப் புதிதன்று. அதனை அறிந்த நாம், கட்னி வாக்காளரும் ராய்கர் வாக்காளரும் காட்டிய பெருமனத்தை நம்மதாக்கிக் கொள்வோமாக.