கோவளம் எப்போது மீண்டது?

2020 மார்ச்சில் இந்தியா சுற்றுலா விசாக்களை நிறுத்திவைத்தது. அம்மாதமே பன்னாட்டு விமானப் போக்குவரத்தும் நின்றது. திருவனந்தபுரத்தை அடுத்த கோவளம் கடற்கரை வெறிச்சோடியது. சுற்றுலா எப்போது மீளும் என்பதே அன்று எங்கும் எழுந்த கேள்வி. அதற்கு ஒற்றை விடை இல்லை என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின.

கேரளச் சுற்றுலாத் துறையின் கணக்குப்படி, 2019இல் மாநிலத்திற்கு வந்த உள்நாட்டுப் பயணிகள் ஏறத்தாழ 1.84 கோடி, அயல்நாட்டவர் 11.9 இலட்சம். 2021இல் அயல்நாட்டவர் எண்ணிக்கை 60 ஆயிரமாகச் சுருங்கியது. 2022இல் உள்நாட்டுப் பயணிகள் 1.88 கோடியாகப் பெருகிப் பழைய அளவைக் கடந்தனர், அயல்நாட்டவரோ 3.45 இலட்சமே. 2024இல் உள்நாட்டினர் 2.22 கோடியை எட்டியபோதும், அயல்நாட்டவர் 7.38 இலட்சத்தில் நின்றனர். இது 2019ஆம் ஆண்டு அளவில் ஐந்தில் மூன்று பங்கு.

இவ்வேறுபாட்டின் காரணம் நோய் மட்டுமன்று. உள்நாட்டுப் பயணிக்குச் சாலையும் தொடர்வண்டியும் போதும். அயல்நாட்டவருக்கு விசாவும் விமானமும் வேண்டும். சுற்றுலா விசா 2021 நவம்பரில்தான் பரவலாக மீண்டும் வழங்கப்பட்டது. வழக்கமான பன்னாட்டு விமானங்கள் 2022 மார்ச் 27 அன்று தொடங்கின. கோவளத்தின் பருவம் நவம்பர் முதல் மார்ச் வரை. ஆகவே வானம் முழுமையாகத் திறந்தபோது இரண்டாவது குளிர்காலப் பருவமும் முடிந்துகொண்டிருந்தது.

1970களில் சார்ல்ஸ் கொரியா வடிவமைத்த அரசு விடுதி எழுந்த காலந்தொட்டு, கோவளத்தின் பொருளியல் நெடுநாள் தங்கும் அயல்நாட்டவரைச் சார்ந்தே வளர்ந்தது. சிறுவிடுதிகள், ஆயுர்வேத நிலையங்கள், தையற்கடைகள் ஆகியவை அவர்களுக்காகவே தோன்றின. வார இறுதியில் ஓரிரு நாள் வந்து திரும்பும் குடும்பம் அறை வாடகையும் உணவுக்கான பணமும் தரும். இரண்டு வார எண்ணெய்ச் சிகிச்சைக்குத் தங்காது. தலைக்கணக்கில் இருவரும் ஒன்றே. ஆனால் பிழைப்புக் கணக்கில் அப்படியன்று.

தமிழில் 'மீள்தல்' என்ற சொல்லுக்குத் திரும்பி வருதல், துன்பத்திலிருந்து விடுபடுதல் என இரு பொருள்கள் உண்டு. புள்ளிவிவரம் முதற்பொருளை மட்டுமே அளக்கிறது. அதிலும் யார் திரும்பினர் என்பதை மொத்த எண் மறைத்துவிடுகிறது. மாநிலக் கணக்கில் 2022 மீட்சியின் ஆண்டு. அயல்நாட்டவரை நம்பிக் கடை திறந்த கோவளத்துத் தையற்காரருக்கோ அவ்வாண்டு இன்னும் காத்திருப்பின் ஆண்டே. பெருநெருக்கடிகளின் வரலாற்றை எழுதுவோர், எப்போது மீண்டது என்பதற்கு முன் யாருக்கு மீண்டது என்று கேட்பது தகும்.